ஒயிட்னர் பூசிய தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாக்கு இயந்திரமா, வாக்குச்சீட்டா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. சீட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். இயந்திரத்தில் யாரும் கை வைக்கவே முடியாது என்கிறார் இன்னொருவர். இரண்டு தரப்பும் கவனிக்க வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. மலாவி நாட்டில் 2019இல் நடந்த அதிபர் தேர்தலில் இயந்திரமே கிடையாது. காகிதச் சீட்டு, பெட்டி, கையால் எண்ணுதல், அவ்வளவுதான். அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது. அதில் பெரிய பங்கு வகித்த பொருள் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிற ஒயிட்னர். அந்த நாட்டில் அதற்குப் பேர் டிப்-எக்ஸ். மக்கள் அந்தத் தேர்தலுக்கே 'டிப்-எக்ஸ் தேர்தல்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மலாவி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சிறிய நாடு. 1964இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற பிறகு ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சி. கொஞ்ச காலத்தில் அதுவே ஒரே கட்சி ஆட்சி ஆனது. 1993இல் மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு வைத்தார்கள். பல கட்சிகள் வேண்டும் என்று மக்கள் சொன்னார்கள். 1994இல் முதல் பல கட்சித் தேர்தல் நடந்தது. ஆக 2019இல் அந்த ஜனநாயகத்துக்கு வயது 25. அதற்கு முந்தைய 2014 தேர்தலும் தடுமாறியதுதான். பல மையங்களுக்குச் சீட்டும் சாமானும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே அதிபராக இருந்த ஜாய்ஸ் பண்டா 'இந்தத் தேர்தல் செல்லாது' என்று அறிவித்தார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது.

2019 மே 21 அன்று அதிபர், நாடாளுமன்றம், உள்ளாட்சி ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. வாக்காளர் கையில் மூன்று சீட்டு. நாடு முழுக்க 5,002 வாக்குப்பதிவு மையங்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள். பதிவு முடிந்ததும் அதே இடத்தில் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். பெரிய மையம் என்றால் பல வரிசைகளாகப் பிரித்திருப்பார்கள். வரிசைக்கு ஒரு முடிவுத்தாள், அவற்றைக் கூட்டி மையத்துக்கு ஒரு முடிவுத்தாள். கட்சி முகவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தாள் அங்கிருந்து தொகுதிக்கு, தொகுதியிலிருந்து பிளான்டைரில் உள்ள தேசியத் தொகுப்பு மையத்துக்குப் போகும்.

இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டியது, எண்ணி முடித்த சீட்டு மறுபடி யார் கண்ணிலும் படுவதில்லை என்பது. பெட்டிக்குள் போட்டு முத்திரை வைத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் தேர்தலைச் சுமந்து போவது ஒரே ஒரு தாள். வெற்றி பெற்றவர் பெயரைத் தொகுப்பு மையத்தில் அறிவிக்கிறவர் சீட்டைப் பார்த்துப் படிப்பதில்லை, அந்தத் தாளைக் கூட்டிப் படிக்கிறார்.

மே 27 அன்று முடிவு வந்தது. பதவியில் இருந்த பீட்டர் முத்தாரிக்காவுக்கு 19,40,709 வாக்குகள், 38.57 சதவீதம். லாசரஸ் சக்வேராவுக்கு 17,81,740. மூன்றாவதாக சவுலோஸ் சிலிமாவுக்கு 10 லட்சத்துச் சொச்சம். முதல் இருவருக்கும் இடைவெளி 1,58,969. இதை 5,002 மையங்களால் வகுத்துப் பாருங்கள்: மையத்துக்குச் சராசரி 32 வாக்குக்கும் குறைவு. ஒருவர் கணக்கிலிருந்து 16 வாக்கை எடுத்து இன்னொருவர் கணக்கில் எழுதினாலே 32 வாக்கு இடைவெளி உண்டாகிவிடும். எந்த மையத்திலும் யார் கண்ணையும் உறுத்தாத எண் அது. கள்ள வாக்கு, பெட்டித் தூக்கல் என்று நாம் பயப்படுகிற காட்சிகள் எதுவும் தேவையில்லை. ஒரு பேனாவும் ஒயிட்னரும் இருந்தால் போதும்.

இரண்டு எதிர்க்கட்சி வேட்பாளர்களும் வழக்குப் போட்டார்கள். நாட்டின் நாலாபுறமும் மாதக்கணக்கில் போராட்டம். நீதிமன்றத்தில் ஆதாரமாக வந்தவை அந்தத் தாள்கள்தான்: எண்ணின் மேல் ஒயிட்னர் பூசி வேறு எண் எழுதியவை, பேனாவால் அடித்து மாற்றி யாரும் கையெழுத்துப் போடாதவை, அசலுக்குப் பதில் நகல் வந்தவை, அலுவலர் கையெழுத்தே இல்லாதவை. தேர்தல் ஆணையத்தின் வாதம், தவறுகள் இருக்கலாம், ஆனால் அவை முடிவை மாற்றவில்லை என்பது. 2020 பிப்ரவரி 3 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பைப் படித்தார்கள். ராணுவ வண்டியில், குண்டு துளைக்காத உடை அணிந்து வந்தார்கள். வாசித்து முடிக்கவே ஏறக்குறைய பத்து மணி நேரம் பிடித்தது. நாடே வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த நீதிபதிகளுக்கு லஞ்சம் கொடுக்கப் பார்த்த ஒரு வங்கியாளருக்குப் பிறகு 2021இல் தண்டனை கிடைத்தது. புகார் கொடுத்ததே நீதிபதிகள்தான்.

தீர்ப்பின் சாரம்: முறைகேடு பரவலாக, திட்டமான முறையில், கடுமையாக நடந்திருக்கிறது. எத்தனை வாக்கு மாறியது என்று எண்ணிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நடந்த விதமே நம்ப முடியாததாக இருந்தால் அந்த முடிவு நிற்காது. 150 நாளுக்குள் மறுதேர்தல். அரசமைப்பில் உள்ள 'பெரும்பான்மை' என்ற சொல்லுக்குப் பாதிக்கு மேல் என்றே பொருள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜூன் 23 அன்று கொரோனா காலத்தில் நடந்த மறுதேர்தலில் சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். ஆப்பிரிக்காவில் நீதிமன்றம் ரத்து செய்த அதிபர் தேர்தலின் மறுபதிவில் எதிர்க்கட்சி வென்றது அதுவே முதல் முறை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒயிட்னர் பூசிய எல்லாத் தாளும் மோசடித் தாள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முடியாது, கோளாறே அதுதான். விடிவதற்கு முன்பே வேலையில் இறங்கி, பகல் முழுக்கப் பதிவு நடத்தி, இரவில் விளக்கு வெளிச்சத்தில் மூன்று பெட்டிச் சீட்டையும் எண்ணிக் களைத்த ஒரு பள்ளி ஆசிரியர் 213 என்பதை 231 என்று எழுதிவிடுகிறார். கூட்டல் உதைக்கிறது. தப்பைக் கண்டுபிடித்து, தாள் அழகாக இருக்கட்டும் என்று ஒயிட்னர் பூசிச் சரியான எண்ணை எழுதுகிறார். பக்கத்து மாவட்டத்தில் இன்னொருவர் வேண்டுமென்றே அதே வேலையைச் செய்கிறார். தொகுப்பு மையத்தில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியுமா? தெரியாது. பூச்சுக்கு அடியில் என்ன இருந்தது என்பது இருவரோடும் போய்விட்டது. நேர்மையான அலுவலர் தன் நேர்மைக்கான சாட்சியைத் தானே அழித்துக்கொண்டார்.

நம் ஊர்ப் பத்திர எழுத்தர்களுக்கு இது புதிதல்ல. கிரயப் பத்திரத்தில் ஒரு சொல் தப்பினால் சுரண்ட மாட்டார்கள், பூச மாட்டார்கள். ஒரு கோடு இழுத்து அடிப்பார்கள், மேலே சரியான சொல்லை எழுதுவார்கள், பக்கத்தின் அடியில் அடித்தல் இத்தனை, திருத்தல் இத்தனை என்று கணக்குச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். பழைய எண்ணும் தெரிய வேண்டும், புதிய எண்ணும் தெரிய வேண்டும், மாற்றியது யார் என்றும் தெரிய வேண்டும். தேர்தல் முடிவுத்தாளுக்கும் இதே விதி வேண்டும், கூடுதலாக ஒன்று: திருத்திய இடத்தில் அலுவலரோடு அங்கிருக்கும் எல்லா முகவர்களும் சுருக்கொப்பமிட்டு, எதற்காகத் திருத்தினோம் என்று நாட்குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும்.

தாளில் என்னென்ன தப்பு வரும் என்பதும் எண்ணிவிடக்கூடியதே. முதலாவது, இலக்கம் இடம் மாறுவது. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு சோதனை உண்டு: இரண்டு மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படு. 231க்கும் 213க்கும் வித்தியாசம் 18. இரண்டாவது, வரி தவறுவது. ஒரு வேட்பாளரின் எண் அடுத்தவர் வரியில் இறங்கி, அங்கிருந்து கீழே எல்லாமே ஒரு வரி சரிந்துவிடும். மொத்தம் மட்டும் சரியாக வரும் என்பதால் இதுதான் ஆபத்தானது. மூன்றாவது, கட்டத்தைக் காலியாக விடுவது. பூஜ்யம் வாங்கியவருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டால், வழியில் யார் வேண்டுமானாலும் அதை நிரப்பலாம். 12 என்று மட்டும் எழுதினால் முன்னால் ஒரு 3 சேர்த்து 312 ஆக்க ஒரு நொடி போதும். மூன்று கட்டம் போட்டு 012 என்று எழுதி, பக்கத்தில் 'பன்னிரண்டு' என்று எழுத்தாலும் எழுதினால் அந்த வாசல் அடைபடும். நாலாவது, நகல் சரியாக விழாமல் போவது. அடித்தாளில் 7 என்பது 1 போலத் தெரியும். முகவர் கையில் இருப்பது ஓர் எண், மேலே போனது இன்னோர் எண். இவற்றில் எதற்கும் கணினி நிபுணர் வேண்டாம்.

கென்யாவின் கதை இதே நூலின் அடுத்த இழை. அங்கே வாக்குச்சாவடித் தாளுக்குப் பெயர் படிவம் 34ஏ, தொகுதித் தாள் 34பி, தேசியத் தாள் 34சி. ஒரு சாவடிக்கு 700 வாக்காளருக்கு மேல் கிடையாது என்பதால் தாளில் வரும் எண்களும் சின்னவை. தப்பு நடந்தால் கண்ணில் படும். 2017 ஆகஸ்ட் 8 தேர்தலில், 34ஏ தாளின் படம் வந்து சேரும் முன்பே வெறும் எண்களைத் திரையில் ஓடவிட்டார்கள். எல்லாத் தாளும் வந்து சேராமலே முடிவையும் அறிவித்தார்கள். நீதிமன்றம் தாள்களைச் சோதித்தபோது பாதுகாப்புக் குறியீடு இல்லாத படிவங்கள் கிடைத்தன. தேசியத் தாளான 34சியிலேயே அது இல்லை. கணினிச் சர்வரைத் திறந்து காட்டச் சொன்னதற்கு ஆணையம் முழுமையாக இணங்கவில்லை. செப்டம்பர் 1 அன்று நாலுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் ஒரு அதிபர் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் தடவை. ஆனால் அக்டோபரில் நடந்த மறுதேர்தலை எதிர்க்கட்சித் தலைவர் ராய்லா ஒடிங்கா புறக்கணித்தார், பதவியில் இருந்த அதிபர் கென்யாட்டா 98 சதவீதத்தோடு திரும்பி வந்தார். தீர்ப்பு மட்டும் தேர்தலைச் சரியாக்கிவிடாது என்பதற்கும் கென்யாவே சாட்சி.

2022இல் கென்யா தேர்தல் ஆணையம் செய்தது சின்ன வேலை, பலனோ பெரிது. 46,000க்கு மேற்பட்ட சாவடிகளின் 34ஏ தாள் ஒவ்வொன்றையும் படம் பிடித்து இணையத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக் கூட்டிக்கொள்ளலாம். உடனே ஒரு குழப்பமும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு தொலைக்காட்சியும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்து கூட்டத் தொடங்கியதால், ஒரே நேரத்தில் ஒரு சேனலில் வேட்பாளர் ரூட்டோ முன்னிலை, அடுத்த சேனலில் ஒடிங்கா முன்னிலை. முழுத் தாளும் சேர்ந்த பிறகு எல்லாருடைய கூட்டலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது. ரூட்டோவுக்கு 50.49 சதவீதம், ஒடிங்காவுக்கு 48.85.

அந்தச் சமயத்தில் ஆணையர்கள் ஏழு பேரில் நாலு பேர் முடிவை ஏற்க மறுத்து வெளியே வந்து பேட்டி கொடுத்தார்கள். நாலு வேட்பாளர்களின் சதவீதத்தையும் கூட்டினால் 100.01 வருகிறது, கூடுதலான அந்த 0.01 என்பது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு என்றார்கள். பதிவான செல்லத்தக்க வாக்கு சுமார் 1 கோடியே 42 லட்சம். அதில் 0.01 சதவீதம் என்பது சுமார் 1,420. அந்த 0.01கூட தசமத்தை முழுமையாக்கியதில் வந்த மிச்சம். ஒரு நாட்டின் தேர்தல் ஆணையர்களே இரண்டு தசமப் புள்ளி தவறவிட்டபோது, பொதுமக்கள் கையில் தாள்கள் இருந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இணையத்தில் இருந்த படத்தையும் அசல் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றம் இல்லை என்று கண்டு, நீதிபதிகள் ஒருமனதாக மனுக்களைத் தள்ளினார்கள். 2017இல் முடிவைக் கவிழ்த்த அதே தாள் 2022இல் முடிவைத் தாங்கிப் பிடித்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இயந்திர விவாதத்தின் சத்தத்தில் நாம் பேசாமல் விட்ட தாள் ஒன்று இங்கேயும் உண்டு. அது 17சி, சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் படிவம். தேர்தல் நடத்தை விதிகள் 49எஸ் பிரிவின்படி, வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியின் தலைமை அலுவலர் இதன் முதல் பகுதியை நிரப்பி, அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் உண்மை நகல் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, கொடுத்தே ஆக வேண்டும்.

அதில் உள்ள கணக்கு இதுதான். சாவடிக்கு ஒதுக்கிய வாக்காளர் எத்தனை பேர். 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை. கையெழுத்துப் போட்ட பின் வாக்களிக்காமல் போனவர்கள் எத்தனை. வாக்களிக்கும் முறையை மீறியதால் அனுமதி மறுக்கப்பட்டவர்கள் எத்தனை. வாக்கு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் மொத்தம் எத்தனை. பதிவேட்டு எண்ணிலிருந்து வாக்களிக்காதவர்களையும் மறுக்கப்பட்டவர்களையும் கழித்தால் கருவியின் மொத்தம் வர வேண்டும். பதிவேட்டில் 812, வாக்களிக்காமல் போனவர்கள் 2 என்றால் கருவியில் 810 இருக்க வேண்டும். 860 என்று காட்டினால் அலற வேண்டாம்: காலையில் முகவர்கள் முன்னிலையில் போட்ட குறைந்தது 50 மாதிரி வாக்குகளை அழிக்க மறந்திருக்கிறார்கள். கருவியில் 810, தாளில் 801 என்றால் மறுபடியும் அந்த 9. கருவியிலேயே 809 என்றால், யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தாமலே போயிருக்கலாம், அலுவலர் அதைப் பதிவு செய்யவில்லை.

இப்படிப் பொருந்தாத கருவியை என்ன செய்வது என்பதற்கும் ஆணையத்தின் விதி உண்டு. எண்ணிக்கை நாளில் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணுவார்கள். 2024 வரை, கடைசியில் வெற்றி வித்தியாசம் அப்படி ஒதுக்கிய கருவிகளின் மொத்த வாக்கை விடக் குறைவாக இருந்தால்தான், அந்தச் சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (வாக்கு யாருக்குப் பதிவானது என்று இயந்திரம் அச்சிடும் சீட்டு) எண்ணினார்கள்; 2025இலிருந்து பொருந்தாத சாவடி எல்லாவற்றிலும் எண்ணுவது கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் எந்தெந்தச் சாவடி ஒதுக்கப்பட்டது, எவ்வளவு பொருந்தவில்லை என்பது மேசையைச் சுற்றி நிற்கிறவர்களைத் தாண்டி வெளியே வருவதில்லை.

2024 மக்களவைத் தேர்தலின் முதல் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 19 மாலை தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்றார்கள். விடிவதற்குள் அது 69.46 ஆனது. கடைசியில் 69.72இல் நின்றது. நடுவில் சதி எதுவும் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. செயலியில் அவசரமாக ஏற்றிய உத்தேச எண்ணை முடிந்த எண் போலச் சொன்னதன் விளைவு அது. நாடு முழுக்க முதல் கட்டத்தின் இறுதிச் சதவீதம் வர 11 நாள் ஆனது. அப்போதும் சதவீதம்தான், வாக்கின் எண்ணிக்கை இல்லை. தொகுதி வாரியான எண்ணிக்கை மே 25 அன்றுதான் வெளியானது. 17சி தாள்களை இணையத்தில் போடச் சொல்லி உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது ஆணையம் சொன்ன பதில், படங்களை யாராவது உருமாற்றிவிடுவார்கள், சட்டம் முகவருக்கு மட்டுமே நகல் தரச் சொல்கிறது என்பது. தேர்தல் நடந்துகொண்டிருந்ததால் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தரவில்லை.

சட்டம் பற்றிய வாதம் சரி. வேண்டுமென்றால் விதியைத் திருத்தலாம். படத்தை உருமாற்றுவார்கள் என்ற வாதம்தான் தலைகீழ். முகவர்கள் கையில் லட்சக்கணக்கான நகல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. யாராவது ஒரு பொய்த் தாளை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் இன்றைக்கு அதை எதோடு ஒப்பிட்டுப் பொய் என்று காட்டுவது? ஆணையத்தின் தளத்தில் அசல் படம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கென்யாவில் 2022இல் நடந்ததும் இதுதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. எண்ணிக்கை முடிந்த பிறகு சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்ற படிவம் 20 மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வெளியாகிறது. அதில் உங்கள் சாவடி எண்ணுக்கு நேரே உள்ள மொத்தத்தை எடுத்து 17சியின் மொத்தத்தோடு வைத்துப் பார்த்தால் வாக்குப்பதிவு நாளுக்கும் எண்ணிக்கை நாளுக்கும் நடுவே ஒன்றும் நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். (தபால் வாக்கைச் சேர்க்கக் கூடாது, சோதனை வாக்கு ஏதும் இருந்தால் அதையும், ஒதுக்கி வைத்த கருவியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.) ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இருநூறு முந்நூறு சாவடி, ஒரு கல்லூரி மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை. இரண்டு தாளில் ஒன்று பூட்டிக் கிடப்பதால் அந்த வேலை நடப்பதில்லை.

ஆணையத்தைக் குறை சொல்வதோடு நிறுத்த மாட்டேன். கட்சிகள் என்ன செய்கின்றன? மாலை ஐந்து மணிக்கு மேல் பல சாவடிகளில் பெஞ்சு காலி. ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கிச் சீட்டு கொடுத்து, அவர்களும் வாக்களித்து முடிய ஏழு ஏழரை ஆகும். அதற்குப் பிறகுதான் முடிப்புப் பொத்தானை அழுத்தி 17சி எழுதுவார்கள். முகவருக்கு உண்மையான வேலை அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தால் நகல் யாருக்குக் கொடுப்பது? நகலை வாங்கியவர்களிலும் எத்தனை பேர் அதை எண்ணிக்கை மேசை வரை பத்திரமாகக் கொண்டுபோகிறார்கள்? சட்டைப் பையில் மடித்து வைத்து வேர்வையில் நனைத்ததுதான் மிச்சம் என்ற இடங்களும் உண்டு. எண்ணிக்கை நாளில் மேசைக்கு வரும் முகவர் வேறு ஆளாக இருப்பார். அவரிடம் கருவியின் வரிசை எண்ணும் மொத்தமும் இருந்தால்தான் 'இது எங்கள் சாவடியில் முத்திரை வைத்த அதே கருவி' என்று சொல்ல முடியும்.

அலுவலர் பக்கமும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 17சியை எழுதும் நேரம் அந்த நாளிலேயே மோசமான நேரம். வாசலில் மண்டல அலுவலரின் வண்டி நிற்கிறது, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். உள்ளே கருவிக்குப் பெட்டி, விவிபேட்டுக்குப் பெட்டி, மாதிரி வாக்குச் சீட்டுக்குக் கறுப்பு உறை, சட்டப்பூர்வ உறைகள், சட்டப்பூர்வம் அல்லாத உறைகள், அரக்கு, மெழுகுவத்தி, நூல். இவற்றுக்கு நடுவில் ஒருவர் கார்பன் தாளை அடுக்கி எண்களை எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த நெருக்கடியைக் குறைக்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படியும் வாக்குப்பதிவு நிலவரம் மேலே சொல்கிறார்கள். அதே நேரத்தில், கருவியில் சிவப்பு விளக்கு அணைந்திருக்கும்போது மொத்தம் காட்டும் பொத்தானை அழுத்தி, 17ஏ பதிவேட்டின் கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிட்டு ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். ஒன்பது மணிக்குப் பொருந்தி பதினொரு மணிக்கு ஒன்று உதைத்தால், தப்பு அந்த இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது; யார் என்று நினைவுபடுத்திக்கொள்ளவும் முடியும். இரவு ஏழரைக்கு முதல் தடவையாகப் பார்த்தால், முழு நாளையும் தோண்ட வேண்டும். அப்போதுதான் கை தானாக எண்ணை 'பொருத்தி' எழுதப் போகும்.

மலாவிக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2025 செப்டம்பர் 16 அன்று அங்கே மறுபடியும் அதிபர் தேர்தல். தாள்களைச் சரிபார்த்து முடிக்காமல் அறிவிக்க மாட்டோம் என்று ஆணையம் சட்டம் தந்த எட்டு நாளையும் எடுத்துக்கொண்டது. வென்றவர், 2020இல் நீதிமன்றத்தால் பதவியை இழந்த அதே முத்தாரிக்கா. தோற்றவர், அதே தீர்ப்பால் பதவிக்கு வந்த சக்வேரா. முறையான அறிவிப்புக்கு முன்பே அவர் தோல்வியை ஏற்று, முத்தாரிக்காவைத் தொலைபேசியில் வாழ்த்தியதாகச் சொன்னார்.

அடுத்த தேர்தல் பயிற்சி வகுப்புகளுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். இயந்திரத்தை இணைப்பதையும் முத்திரை வைப்பதையும் கையால் செய்து பழகச் சொல்கிறீர்கள். அதே போல, வேண்டுமென்றே ஐந்து தப்பு வைத்து நிரப்பிய ஒரு 17சி தாளை ஒவ்வொரு தலைமை அலுவலர் கையிலும் கொடுத்து, தப்பைக் கண்டுபிடித்து, ஒரு கோடு அடித்துத் திருத்தி, ஒப்பமிடச் சொல்லுங்கள். அரைமணி நேரம் போதும். ஒயிட்னரை வகுப்புக்குள் கொண்டுவர விடாதீர்கள்.

இப்படிக்கு,
தேர்தல் பணிகளிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
தஞ்சாவூர்